ஐயாத்துரையைத் தரையில் நிறுத்திய பாஸ்தா

அக்கராயனில் ஐயாத்துரை தரையைவிட்டு எழும்பினார். பெரும்போக உழவு தொடங்கியிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மண்ணிற முழுக்கோதுமைப் பாஸ்தா ஒரு கோப்பை தின்று முடித்து, "நல்லாயிருக்கு" என்று சொன்ன கையோடு கதிரையிலிருந்து ஒரு முழம் மேலே போய் அங்கேயே நின்றார். மனைவி இரஞ்சிதம் கோப்பையை எட்டி வாங்கினாள். "பொய் சொன்னால் உப்பிடித்தான்," என்றாள். அவள் முதலே ஒரு வாய் தின்று பார்த்துவிட்டு மிச்சத்தைக் கோழிக்குக் கொட்டியிருந்தாள். கோழியும் காலால் கிளறிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டது.

ஐயாத்துரைக்குச் சீனி வருத்தம். குதிக்காலில் ஒரு புண் ஆறாமல் கிடந்தது. சோற்றைக் குறைக்காவிட்டால் காலைக் குறைக்க வேண்டிவரும் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். சோற்றுக்குப் பதிலாகத் தின்னச் சொன்ன குரக்கன் தானியம் அவருடைய வயிற்றுக்கு ஒத்துவரவில்லை. கல்யாணம் கட்டிச் சுவிஸுக்குப் போன மகள் யதுர்ஷிகா இதைக் கேள்விப்பட்டுப் பெட்டி நிறைய முழுக்கோதுமைப் பாஸ்தா அனுப்பினாள். குளத்துத் தண்ணீரில் நெல் விளைகிற ஊருக்கு விமானம் ஏறி வந்த கயிறு என்று இரஞ்சிதம் அந்தப் பெட்டியைக் காலால் தள்ளி மூலைக்கு அனுப்பினாள். ஆனால் அவித்துக் கொடுக்கத் தொடங்கியதும் புண் சுருங்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு அதை நிறுத்தவும் முடியவில்லை.

ஐயாத்துரை பொய்யர் அல்லர். இடம்பெயர்ந்து முகாமில் கஞ்சிக்கு வரிசையில் நின்ற காலத்தில், "நல்லாயிருக்கு" என்று சிரித்துச் சொன்னவர்களுக்கு அடுத்த நாள் அகப்பை சற்று ஆழமாக இறங்கியது. அங்கே பழகிய வாய் அது. ஊருக்குத் திரும்பிய பிறகு, நிவாரணமாகக் கொடுத்த விதைநெல்லில் பாதி முளைக்காதபோதும் நல்லாயிருக்கு என்றார். போட்ட வீதி முதல் மழையோடு போனபோதும் நல்லாயிருக்கு என்றார். அப்போதெல்லாம் தரையில்தான் நின்றார். இந்தப் பாஸ்தா மட்டும் பொய்யைத் தாங்கவில்லை. ருசியில்லாத அதைத் தின்ற வாயால் இல்லாத நன்மையைச் சொன்னால் ஆள் எழும்பும். உண்மையைச் சொன்னால் உடனே இறங்கும், இல்லாவிட்டால் செரிக்கும்வரை மேலேயே நிற்கும். ஐயாத்துரை செரிக்கும்வரை நிற்கிற ரகம். வயலுக்குத் தண்ணீர் திருப்பும் முறை வந்த நாளில் மண்வெட்டி வாய்க்காலுக்கு எட்டாமல் அந்தரத்தில் நின்றார். பக்கத்து வயல் கனகலிங்கம், "எட்டேல்லையோ அண்ணை?" என்று அக்கறையாக விசாரித்துக்கொண்டே தண்ணீரைத் தன் பக்கம் வெட்டிவிட்டார். ஐயாத்துரை மேலே நின்று அதையும் நல்லது என்றார். இன்னும் ஒரு சாண் உயர்ந்தார்.

அன்றைக்கே இரஞ்சிதம், உண்மையிலேயே ருசிக்கிற ஒரு பாஸ்தாவைத் தேடிக் கிளிநொச்சிக்குப் பஸ் ஏறினாள். கடைத் தட்டில் இருந்த பைகளில் கோதுமை வயலும், பல் முழுவதும் தெரியச் சிரிக்கும் குடும்பங்களும் இருந்தன. முன்பக்கம் முழுக்கோதுமை என்று கத்திய ஒன்று, பின்பக்கம் வெள்ளை மா என்று முணுமுணுத்தது. "சாயம் பூசின மா," என்று அதைத் திரும்ப வைத்தாள். மற்றவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக அவித்தாள். உப்பு மட்டும்தான், கறி இல்லை. இறால் கறியோடு கொடுத்தால் தென்னை ஈர்க்குக்கூட ருசிக்கும் என்பது அவள் கட்சி. ஒன்று நனைந்த சாக்காக மணத்தது. ஒன்று பசையாகிச் சட்டியோடு ஒட்டியது. ஒன்று உமியை மென்றதுபோல் தொண்டையில் அறுத்தது. ஐயாத்துரை எல்லாவற்றையும் நல்லாயிருக்கு என்றார். சாக்கு அவரை மேசை உயரத்துக்குக் கொண்டுபோனது; பசை கூரை வளையில் தலை முட்டக் கொண்டுபோனது. எது எவ்வளவு கேவலம் என்பதை இரஞ்சிதம் அண்ணாந்து பார்த்தே தெரிந்துகொண்டாள்.

செய்தி கேட்டுப் பாஸ்தாக் கம்பனி ஒன்றின் விற்பனையாள் சஜீவன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். "எங்கடதைத் திண்டு பாருங்கோ அன்ரி, சோறே மறந்து போகும்," என்றான். அவன் கால் தரையில் உறுதியாக நின்றது, ஏனென்றால் அவன் அதை வாயில் வைத்ததே இல்லை. இரஞ்சிதம் அவித்து முதல் கோப்பையை அவனுக்கே நீட்டினாள். தின்றான். "அருமை அன்ரி!" என்றான். தலைக்கவசம் கூரைத் தகரத்தில் போய் இடித்தது. இரஞ்சிதம் கீழே இருந்து தேங்காய் துருவினாள்.

"உங்கட வீட்டில ஆர் தம்பி இதைத் தின்னிறது?"

அவன் விற்பனை வசனம் முழுவதையும் சொல்லிப் பார்த்தான், தகரம் நெளிந்தது. கடைசியில், "ஒருத்தரும் தின்னிறேல்லை. அம்மா வேறை ஒண்டுதான் வாங்கிறவா," என்று ஒத்துக்கொண்டு தொப்பென்று விழுந்தான். அது எது என்பதையும், எந்தக் கடையின் அடித்தட்டில் கிடக்கும் என்பதையும் தரையில் இருந்தபடியே சொன்னான்.

படமே இல்லாத பை அது. உள்ளே சிறிய முறுக்குத் துண்டுகள், கைக்குச் சொரசொரப்பு. கொதி தண்ணீரில் போட்டதும் வறுத்த மாவின் வாசம் குசினிக்கு வந்தது. குழைய விடாமல், கடிபடும் பதத்தில் வடித்துக் கொடுத்தாள். ஐயாத்துரை தின்றார். "நல்லாயிருக்கு," என்றார். இரஞ்சிதம் குனிந்து கதிரைக்குக் கீழே பார்த்தாள். கால் நிலத்தில் இருந்தது. ஐயாத்துரையும் குனிந்து பார்த்தார். நம்பாமல் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு அவருக்கே துணிவு வந்துவிட்டது.

"மற்றதெல்லாம் வைக்கல் இரஞ்சி," என்றார்.

"அதைச் சொல்ல உங்களுக்கு இவ்வளவு காலம்," என்று சொல்லிவிட்டு அவள் இறால் கறியை இறக்கினாள்.

புண் ஆறியது. ஐயாத்துரை கனகலிங்கத்திடம் போய்த் தண்ணீரைப் பற்றி நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்தார். அந்தத் துணிவோடு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை யதுர்ஷிகா வீடியோவில் வந்தபோது, "பிள்ளை, நீ அனுப்பினது வாயில வைக்கேலாது," என்றார்.

மகளின் முகம் வாடியது. அவள் அப்போதுதான் சாப்பிட்டு எழும்பியிருந்தாள். பின்னால் கோப்பை தெரிந்தது. "நாங்கள் அதைத்தானே அப்பா ஒவ்வொரு நாளும் சாப்பிடுறம். எங்களுக்கு என்ன, நாங்கள் இஞ்சை நல்லா இருக்கிறம்," என்றாள். சொல்லச் சொல்ல அவள் முகம் திரைக்கு மேலே போனது. பிறகு கழுத்துப் போனது, கை போனது. எங்கோ சாய்த்து வைத்திருந்த தொலைபேசியில் கடைசியாக ஒரு சுவரும் இரண்டு சாம்பல் காலுறைகளும் நின்றன.

இரஞ்சிதத்தின் நக்கலெல்லாம் வாயில் காய்ந்துபோனது. "யது," என்றாள், "உண்மையைச் சொல்லிப்போட்டு இறங்கு பிள்ளை."

பிறகு மேலிருந்து குரல் வந்தது. "அவர் என்னை விட்டிட்டுப் போயிட்டார் அம்மா. மாரிக்கு முன்னமே போயிட்டார். ரெண்டு வேலைக்கு ஓடுறன். மலிவெண்டு அதைத்தான் பெட்டியாய் வாங்கி வைச்சிருக்கிறன்." ஒவ்வொரு சொல்லுக்கும் கால்கள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கின. முகம் வந்தபோது நனைந்திருந்தது. ஐயாத்துரை பழக்கத்தில் "நல்லா" என்று தொடங்கி, நிறுத்திவிட்டுக் கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்தார். இரஞ்சிதம் தண்ணீருக்கு எவ்வளவு உப்புப் போட வேண்டும், எப்போது வடிக்க வேண்டும் என்று மகளுக்குச் சொல்லத் தொடங்கினாள். படமில்லாத பைகளும் இடித்த மிளகாய்த்தூளும் அடுத்த கிழமை சுவிஸுக்குப் போயின.

அந்த மலிவுப் பெட்டி இன்னும் முடியவில்லை. இப்போதெல்லாம் அழைப்பு வந்தால் இரஞ்சிதம் முகத்தைப் பார்ப்பதில்லை. "காலைக் காட்டு," என்பாள். யதுர்ஷிகா தொலைபேசியைக் கீழே திருப்புவாள். சில நாள் கால் தரையில் இருக்கும், சில நாள் நாலு விரல் உயரத்தில் நிற்கும். அந்த உயரத்தைப் பார்த்து எவ்வளவு நேரம் கதைக்க வேண்டியிருக்கும் என்று கணித்துக்கொண்டு, இரஞ்சிதம் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து இருப்பாள்.