செக்கடித் தெருவில் ஓர் ஆற்று வளைவு

கரை கட்டும் வேலை முடியும்வரை நாணலாற்றை வீட்டுக்கு ஒரு துண்டாக எடுத்து வைத்துக்கொள்வது என்று புதுத்துறை ஊரில் முடிவாயிற்று. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு துண்டுகள். மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை ஊரை வரிசையில் நிறுத்தி டோக்கன் கொடுத்து, தண்ணீர், மணல், கோரை, மீன் எல்லாவற்றையும் சேர்த்துப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டிக் கையில் கொடுத்தார்கள். முதல் மரியாதையாக முதல் துண்டு செயற்பொறியாளர் சவரிமுத்துவுக்குப் போயிற்று. மற்றவர்கள் வாங்கிப் போய் அவரவர் வீட்டில் நீளமான இடமாகப் பார்த்து விரித்துக்கொண்டார்கள். ரேஷன் கடையில்கூட அந்த ஊர் இவ்வளவு ஒழுங்காக நின்றதில்லை.

ஏற்பாட்டை யோசித்தவள் உதவிப் பொறியாளர் தையல்நாயகி. அவள் மேஜையில் இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்று வெள்ளத் தடுப்பு. அது கரையை உயர்த்து என்றது. மற்றொன்று ஆற்றில் வாழும் உயிர்களின் வாழிடத்தை மீட்பது. அது ஆற்றில் குடியிருக்கும் யாரையும் தொந்தரவு செய்யாதே என்றது. இரண்டையும் சேர்த்து ஒரே நாடாவில் முடிச்சுப் போட்டவள் அவள்தான். அந்த அலுவலகத்தில் அதற்கு முன் எந்த இரண்டு கோப்புகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதே கிடையாது.

கடைசியில் ஒரு துண்டு மிஞ்சியது. நூற்று நாற்பத்தேழாம் எண், வளைவு. சுருட்டவும் வராது, மடக்கவும் வராது. அதோடு ஆள் முங்கும் ஆழத்தில் ஒரு மடு, மீன்கொத்திகள் பொந்து வைத்திருந்த களிமண் சுவர், ஒரு நீர்நாய். அந்த டோக்கன் வாங்கியவர் வந்து பார்த்துவிட்டு, "எங்க வீட்ல இவ்வளவு பெரிய மூலை இல்லீங்களே" என்று நைசாக நழுவிவிட்டார். யோசனை சொன்னவள் தலையிலேயே விடிந்தது.

எட்டுப் பேர் சேர்ந்து, பீரோவை வாசலில் நுழைப்பதுபோலச் சாய்த்துத் திருப்பி, வளைவைச் செக்கடித் தெருவில் அவள் வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். அவள் கணவர் கலியமூர்த்தி உயர்நிலைப் பள்ளி டிரில் மாஸ்டர். வாசலில் நின்று விசில் ஊதி வழிகாட்டினார். வளைவு கூடத்தில் தொடங்கி அடுப்படியில் திரும்பிக் கொல்லை வாசலில் முடிந்தது. மடு கிரைண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. நீர்நாய் மட்டும் ஈரக் காலோடு வாசற்படியில் தயங்கி நின்றது.

"பரண்ல படுத்துக்குங்க. அங்கதான் காத்து வரும்" என்றாள் தையல்நாயகி.

நீர்நாய் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தது.

ஆறு மாதம் நன்றாகத்தான் போயிற்று. கோரைக்குள் கலியமூர்த்தியின் விசில்கள் மூன்று காணாமல் போயின. தினமும் காலையில் வாஷ்பேசினில் விரால் தலை கிடக்கும். "தின்ன எடத்தைக் கழுவணும்னு தெரியாதா?" என்று பரணைப் பார்த்துக் கத்திவிட்டு அவரே கழுவுவார். ஆனால் பள்ளிக்கூடம் விட்டதும் எங்கும் நிற்காமல் வீட்டுக்கு வந்து மடுவில் காலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அடுத்த வீட்டு மெஹர்பானு தன் துண்டைத் தையல் மிஷினைச் சுற்றி விரித்திருந்தாள். ஜாக்கெட் தைக்கும்போது அயிரை மீன்கள் பாதத்தைக் கடிப்பது சுகமாக இருக்கிறது என்றாள்.

ஆவணி மாதம் குண்டு விழுந்தது. ஆற்றைத் துண்டு போடும்போது கரையோடு நடந்து அளந்திருந்தார்கள். புதுக் கால்வாய்க்கு அளந்தபோதோ ஆறு இல்லை. வெறும் பள்ளத்தைப் பார்த்துவிட்டு, மேலைப் பாலத்துக்கும் கீழைப் பாலத்துக்கும் நேராக டேப்பைப் பிடித்துவிட்டார்கள். கரையும் நேராக எழும்பிவிட்டது. கால்வாயில் நூற்று முப்பது மீட்டர் குறைந்து உதைத்தது. அலுவலகம் அதற்கும் வழி கண்டுபிடித்தது. நூற்று நாற்பத்தாறையும் நூற்று நாற்பத்தெட்டையும் ஒட்டிவிடுவது. நூற்று நாற்பத்தேழை வைத்திருப்பவரே நிரந்தரமாக வைத்துக்கொள்ள ஆட்சேபணை இல்லை. இப்படி ஒரு கடிதம் அவளுக்கு வந்தது. அவள் மேஜையிலிருந்து நாலடி தள்ளி உட்கார்ந்திருப்பவர்தான் அதை டைப் அடித்தார்.

தையல்நாயகி கடிதத்தை எடுத்துக்கொண்டு செயற்பொறியாளர் அறைக்குப் போனாள். சவரிமுத்து குடும்பத்தை மதுரையில் விட்டுவிட்டுக் குவார்ட்டர்ஸில் தனியாக இருப்பவர். நேர்கோட்டின் மேல் பக்தி உள்ளவர். சட்டை இஸ்திரியைப் பார்த்தாலே தெரியும்.

"சார், வளைவுக்கு எடம் விடாம கரை போட்டுட்டாங்க."

"வளைவு எதுக்கும்மா? தண்ணி நேரா போனா சட்டுனு போயிடும்ல?"

"ஐப்பசியில வெள்ளம் வந்து பேர் கூப்பிடும் சார். நூத்தி நாப்பத்தேழு ஆத்துல இல்லேன்னா தேடிக்கிட்டு எங்க தெருவுக்குத்தான் வரும். அறுபது வீடு இருக்கு."

"வந்தா, இங்க இல்லேன்னு சொல்லிடுங்க."

"வெள்ளத்துக்கிட்ட எனக்குப் பொய் சொல்ல வராது சார்."

சவரிமுத்து இரண்டு கோப்புகளையும் கட்டியிருந்த நாடாவைப் பார்த்தார். அவிழ்க்கப் போனார், முடிச்சு இறுகிக் கிடந்தது. பிறகு பார்க்கலாம் என்றார்.

அன்று மாலை மெஹர்பானு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். "அக்கா, புதுக் கரை வந்துடுச்சு. இந்த வருஷம் மிஷினைத் தூக்கிக் கட்டில் மேல வைக்க வேண்டாம்ல?" இனி வாசலில் தண்ணீர் ஏறாது என்று அந்தத் தெருவில் வீடு வீடாகப் போய் வாக்குக் கொடுத்தவள் தையல்நாயகிதான். "வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நீர்நாய் பரணிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தது.

புரட்டாசி பத்தாம் தேதி ஆற்றைத் திருப்பி வைக்கும் நாள். இருநூற்றுப் பதினொரு வீட்டுக்காரர்கள் துண்டும் கையுமாகக் கரையில் நின்றார்கள். தையல்நாயகி மட்டும் வெறுங்கையோடு நின்றாள். வாங்கும்போது முதல் மரியாதை யாருக்கோ, வைக்கும்போதும் அவருக்குத்தான். சவரிமுத்து ஜீப்பிலிருந்து இறங்கினார். டிரைவரைத் தொடவிடாமல் தன் துண்டைத் தானே தோளில் சுமந்து வந்து மேலைப் பாலத்தடியில் விரித்தார்.

அது நேராகப் படுக்கவில்லை. இடப்பக்கம் ஒரு வளைவு வளைந்தது, வலப்பக்கம் ஒன்று, மறுபடி இடப்பக்கம் சின்னதாக ஒன்று. புதுக் கரையில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

"அது ஃப்ரிட்ஜ் இருக்கிற எடம்" என்றார் சவரிமுத்து. "அது கட்டில். இது நான் பேப்பர் படிக்கிற நாற்காலி. காலை இடிக்காம சுத்திப் போகும்."

இரண்டு ஆட்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்து நிமிர்த்தப் பார்த்தார்கள்.

"இழுக்காதீங்கய்யா!" என்று செயற்பொறியாளர் கத்தினார். பிறகு தையல்நாயகியிடம் மட்டும் கேட்கும்படி, "ஏழு மாசமா பழகினதும்மா. வலிக்கும்" என்றார். கர்சீப்பை எடுத்துக் கண்ணாடியை நெடுநேரம் துடைத்தார். "கரையைத் தள்ளிப் போடுங்க" என்றார்.

கரைக்கு இன்னும் கல் பதிக்கவில்லை. ஆகவே அதை நகர்த்துவது ஒன்றும் பெரிய காரியமாக இல்லை. பத்துப் பேர் இந்தப் பக்கமும் பத்துப் பேர் அந்தப் பக்கமும் தோள் கொடுத்துத் தள்ளினார்கள்.

இரண்டாம் துண்டு ஒருவர் வீட்டு அரிசி மூட்டைகளைச் சுற்றி வளைந்திருந்தது. மூன்றாம் துண்டு மாடிப்படிக்குக் கீழே முடங்கிப் பழகியிருந்தது. மெஹர்பானுவின் துண்டு கிட்டத்தட்ட வட்டம். நேரான துண்டு என்று ஊரில் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றுக்கும் கரை விலகி இடம் கொடுத்தது. நூற்று நாற்பத்தாறு வைத்து முடிந்ததும் சவரிமுத்து வேட்டியை மடித்துக் கட்டாத குறையாகப் பேண்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு டேப்பை வாங்கினார். இந்த முறை கரையோடு நடந்து, வளைவுக்கு வளைவு வளைந்து அளந்தார். ஆறு முழுக்க நெளிந்ததில் பாலத்துக்கும் பாலத்துக்கும் நடுவே எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது.

"மிச்சத் துண்டெல்லாம் போக நூத்தி முப்பது மீட்டர். ஒரு சாண் கூடவே இருக்கு. கொண்டாங்க உங்களுதை" என்றார்.

கலியமூர்த்தி ஊர் அதிர விசில் ஊதினார். எட்டுப் பேர் ஓடினார்கள். தையல்நாயகிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அதை மறைக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை. வளைவு பழைய இடத்தில் போய்ப் படுத்தது. மீன்கொத்திகள் பொந்துகளை எண்ணிப் பார்த்துக்கொண்டன. நீர்நாய் கடைசியாகக் கிளம்பியது. கணவனும் மனைவியும் வீட்டுக்குத் திரும்பிப் பார்த்தபோது வாஷ்பேசின் பளிச்சென்று கழுவியிருந்தது.

ஐப்பசியில் வெள்ளம் வந்தது. மேலைப் பாலத்தில் நின்று ஒவ்வொரு எண்ணாகப் பேர் கூப்பிட்டது. நூற்று நாற்பத்தேழு என்றதும் மடுவிலிருந்து "உள்ளேன் ஐயா" என்று கணீரென்று பதில் வந்தது. டிரில் மாஸ்டர் வளர்ப்பு. வெள்ளம் தலையை ஆட்டிவிட்டு, வளைவுகளில் நின்று நின்று இளைப்பாறி, மூன்றாம் நாள் கடலுக்குப் போய்விட்டது. மெஹர்பானுவின் மிஷின் தரையிலேயே நின்று ஓடிக்கொண்டிருந்தது.

தை பிறந்ததும் செக்கடித் தெருவில் பாதாளச் சாக்கடை போட உத்தரவு வந்தது. வேலை முடியும்வரை அறுபது வீடுகளையும் ஆறு எடுத்து வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. ஆற்றுத் துண்டுகள் தெருமுனையில் வரிசையாக நின்று டோக்கன் வாங்கிக்கொண்டு, ஆளுக்கொரு வீடாகத் தூக்கிப் போயின. தையல்நாயகியின் வீடு எல் வடிவம். டோக்கன் வாங்கிய துண்டு வந்து பார்த்துவிட்டு மெல்ல நழுவிவிட்டது. கடைசியில் வளைவுதான் முன்வந்தது.

வீட்டை மடுவின் ஓரம் இறக்கி வைத்தார்கள். தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஈரக் காலோடு, தையல்நாயகியும் கலியமூர்த்தியும் களிமண் சுவருக்குப் பக்கத்தில் தயங்கி நின்றார்கள். நீர்நாய் ஒதுங்கி வழிவிட்டது.

"மருத மரத்து வேர்ல படுத்துக்குங்க" என்றது. "அங்கதான் காத்து வரும்."

இருவரும் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.