முன்சீட்டு

மூன்றாவது முறையும் பானெட்டைத் தூக்கி ஓங்கி அறைந்தான் தம்பி. விழுந்த வேகத்திலேயே அது எகிறி நின்றது. லாரியின் பின்தட்டில், சவப்பெட்டிக்குள், அப்பா.

"மெதுவாடா. எழுந்திரிச்சிடப் போறாரு," என்றார் எதிர்வீட்டு டெய்லர். சிரிக்கப் போனவர்கள் அக்காவைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார்கள்.

தன் லாரியிலேயே தன்னைக் கொண்டுபோக வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். அதையும் தம்பியிடம்தான் சொல்லியிருந்தார். பள்ளிக்கூடப் பையை அவன் மூலையில் வீசிய நாளிலிருந்து இருவரும் ஒன்றாகவே லாரியில் போய்வந்தார்கள். அக்கா சாப்பாடு கட்டிக் கொடுப்பாள். திரும்பி வந்ததும் அப்பா கை கழுவி, சாப்பிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். பேச்சையெல்லாம் வழியிலேயே அவனிடம் தீர்த்துவிட்டு வருகிறார் என்று நினைத்துக்கொள்வாள். அன்றைக்குப் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவுவாள்.

"தண்ணி பாக்கத்தான் தொறந்தேன். இப்ப பிடிக்க மாட்டேங்குது," என்றான் தம்பி.

"ஒரு கயித்தப் போட்டுக் கட்டேன்," என்றார் டெய்லர்.

"ரோட்டுல தூக்கிச்சுன்னா கண்ணாடிய மறைச்சிரும் மாமா."

அக்கா போன் வெளிச்சத்தை அடித்துக் குனிந்தாள். பானெட் வந்து மாட்ட வேண்டிய கொக்கி, முன்பே மூடிக்கிடந்தது.

"வாய மூடி வச்சுக்கிட்டு சாப்பிடுன்னா எப்படிடா? லாக் ஏற்கெனவே விழுந்திருக்கு."

தம்பி எட்டிப் பார்த்தான். "பிடிக்குதான்னு ஸ்க்ரூ டிரைவரால அழுத்திப் பாத்தேன். எடுத்துவிட மறந்துட்டேன்."

அவனுக்கும் கை தவறும் என்பதில் அவளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் எழுந்தது. பெட்டிப் பக்கம் பார்க்காமல், "உள்ள ஏறி, லாக்கத் தொறக்கிற கேபிள இழு," என்றாள்.

இழுத்தான். கேபிள் தொய்ந்திருந்ததால் கொக்கி பாதிதான் அசைந்தது.

"விட்டுடாத, பிடி." ஸ்க்ரூ டிரைவரை அடியில் கொடுத்து நெம்பினாள். டக்கென்று திறந்தது. பானெட்டை இறக்கி இரண்டு கையாலும் அழுத்தினாள். பிடித்துக்கொண்டது.

"நீ எங்க கூட கார்ல வாம்மா," என்றார் டெய்லர்.

"நான் இதுலயே வரேன் மாமா."

முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். இத்தனை வருஷமும் தம்பி உட்கார்ந்த இடம். கால்மிதியில் அவன் குதிகால் பட்டுப் பட்டு இரண்டு குழிகள். தம்பி அப்பாவின் இடத்தில் உட்கார்ந்து லாரியைக் கிளப்பினான்.

தெருமுனை தாண்டியதும் கேட்டாள். "இங்க உக்காந்து அப்படி என்னதான் பேசுவீங்க ரெண்டு பேரும்?"

"யாரு, அப்பாவா?" அவன் கியர் மாற்றினான். "பேசவே மாட்டாருக்கா. லாரியில கொண்டுபோன்னு சொன்னாரு பாரு, அதுதான் பெரிய பேச்சு. சொல்லிட்டு டீ குடிக்க எறங்கிட்டாரு."

அவள் நம்பவில்லை.

கொஞ்ச தூரம் போனபின் அவனே கேட்டான். "வீட்டுல உன்கிட்ட பேசுவாரு இல்ல?"

சுவர்ப்பக்கம் திரும்பிய முதுகு அவள் கண்ணில் வந்து நின்றது.

"ம். நெறைய பேசுவாரு," என்றாள்.

தம்பி தலையாட்டினான். மேடேறும்போது பானெட் லேசாக அதிர்ந்தது. அவன் வேகத்தைக் குறைத்தான்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, கால்களை நீட்டி, அந்தக் குழிகளில் குதிகாலை வைத்துப் பார்த்தாள். எட்டவில்லை. சீட்டின் நுனிக்கு நகர்ந்து வைத்துக்கொண்டாள்.