முன்கதவுப் பீடிங்

எந்தப் பழைய காரின் பீடிங், அதாவது கதவில் ஓடும் எவர்சில்வர் பட்டை, வந்தாலும் டெசாங்கா முதலில் அதைத் திருப்பித்தான் பார்ப்பாள். முன்பக்கம் பளபளத்து ஊரை ஏமாற்றும். எது இடித்தது, எந்தப் பக்கமிருந்து இடித்தது என்பதையெல்லாம் பின்பக்கத்துப் புடைப்பு சொல்லிவிடும். சின்னச் சுத்தியலால் ஒடுக்கெடுத்து, எவர்சில்வரை முகம் தெரிய மெருகேற்ற ஷபாட்ஸ் நகரத்தில் அவளை விட்டால் ஆளில்லை.

அன்று ரடோமிர் கட்டிக் கொண்டுவந்தது அவளுடைய அண்ணன் வுகாஷினின் கல்யாணக் கார் பீடிங். அண்ணனும் ரடோமிரும் கூட்டாகப் பட்டறை நடத்தியவர்கள். மெருகு வேலை அண்ணனுடையது, எஞ்சின் ரடோமிருடையது. கல்யாணத்தன்று சர்ச் வாசலில் வழக்கம்போல எல்லாரும் வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். பெண்ணுக்குப் பின்கதவைத் திறக்கக் குனிந்த வுகாஷின் அப்படியே விழுந்தான். உச்சந்தலையில் குண்டு. மேலே போன குண்டு கீழே வந்துவிட்டது, யாரைப் பிடிப்பது என்று போலீஸ் கையை விரித்தது. சவப்பெட்டிக்கு முதல் ஆளாகத் தோள் கொடுத்தவன் ரடோமிர். அதன்பிறகு தார்ப்பாய்க்குள் கிடந்த அந்த மெர்சிடிஸை இப்போது வியன்னாக்காரன் ஒருவன் விலைக்குக் கேட்கிறானாம்.

"சுருக்கா முடிச்சுக் குடு டெசா. கண்ணாடி மாதிரி இருக்கணும்."

"இதைத் தொடவே மனசு வரல அண்ணே."

"எனக்கு மட்டும் வருதா? வேற எவன்கிட்டயாவது குடுத்தேன்னு வை, உங்கண்ணன் குழியிலேருந்து எந்திரிச்சு வந்து உதைப்பான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழ வேண்டிய இடத்தில் சிரிக்க வைப்பதில் ரடோமிர் கெட்டிக்காரன். மெருகுச் சக்கரத்தின் சுவிட்சைப் போட்டுவிட்டு முன்கதவுப் பீடிங்கை எடுத்தாள். கல்யாணப் பூச்சரம் சருகாகி, டேப்போடு அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சோம்பேறி அதைக்கூடப் பிய்க்காமல் கழற்றி வந்திருந்தான். நடுவில் கிழிந்திருந்த டேப்பை உரித்தாள்.

அடியில் விரல் நீளத்துக்கு ஒரு கோடு. கோட்டுக்குள் துப்பாக்கிக் குண்டின் செம்பு உறை தேய்ந்து ஒட்டியிருந்தது. திருப்பினாள். புடைப்பு முன்னாலிருந்து பின்னால், படுக்கைவாட்டில் ஓடியது.

"அண்ணே, குண்டு மேலேருந்து வரல. பின்கதவுகிட்ட குனிஞ்ச தலையைப் பார்த்து, காருக்கு முன்னாடி நின்னு எவனோ நேரா சுட்டிருக்கான்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கல்யாண ஊர்வலத்தில் காருக்கு முன்னால் கொடி பிடிக்கிறவன் மட்டுமே நிற்பான். மற்றவர்கள் எல்லாரும் பின்னால். அன்று கொடி பிடித்தவன் ரடோமிர்.

"அதைத் தேய்ச்சு அழி," என்றான் அவன். குரலில் விளையாட்டு இல்லை.

"நீயா?"

"அழின்னேன்."

பீடிங்கை மார்போடு அணைத்துக்கொண்டு கதவுக்கு ஓடினாள். மேஜையில் கிடந்த மரச்சுத்தியலை எடுத்துத் தோளில் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. முடியைப் பிடித்து இழுத்து, முகத்தை மேஜை விளிம்பில் மோதினான். பல் உடைந்து வாய் நிறைய ரத்தம். விழுந்தவளின் விலாவில் உதைத்தான், மறுபடியும் உதைத்தான்.

"பட்டறையைப் பிரிக்கிறேன்னான்டி! பேரு அவனுதாம், கைவேலை அவனுதாம். அப்ப நான் யாரு, கரித்துணியா?"

பாவி, அதற்காகவா? அண்ணன் கேட்டிருந்தால் பட்டறையையே கொடுத்திருப்பான். அவளுக்கு வலியைவிட இதுதான் பொறுக்கவில்லை.

அவள் விரல்களைப் பூட்ஸால் மிதித்துப் பீடிங்கைப் பிடுங்கினான். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. தானே அழித்துவிடலாம் என்று இரண்டு கையாலும் பிடித்துச் சக்கரத்தின் உச்சியில் வைக்கப் போனான். எஞ்சின்காரன், அந்தச் சக்கரத்தை ஒருநாளும் தொட்டதில்லை.

அது நிற்கிறவனைப் பார்த்துச் சுற்றும் சக்கரம். கீழ்ப்பாதியில் பிடித்தால் கை நழுவினாலும் பீடிங் பின்சுவரில் போய் அடிக்கும். மேலே விளிம்பு மாட்டினால் பிடித்தவன் மேலேயே பாயும். வேலை கற்ற நாளில் அவள் கை கொஞ்சம் உயர்ந்தாலும் போதும், "கீழே!" என்று அண்ணன் அலறுவான். தனக்கு ஆகாதவன் அங்கே நின்றாலும் அலறுவான்.

தரையில் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொன்னால் பிழைப்பான், கோடும் அழியும். சொல்லை ரத்தத்தோடு சேர்த்து விழுங்கினாள்.

விளிம்பு மாட்டியது. கண் இமைக்கும் நேரம்தான். பீடிங் அவன் கையை அறுத்துக்கொண்டு எழும்பித் தாடைக்குக் கீழே பாய்ந்தது. ரடோமிர் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளப் பார்த்து, இரண்டு விரலை அதனிடம் விட்டுவிட்டு மல்லாந்தான். எதிர்ச் சுவரெல்லாம் ரத்தம்.

அவள் தவழ்ந்துபோய் சுவிட்சை அணைத்தாள். அவன் கழுத்தைப் பிடித்தபடி அவளையே பார்த்தான். பக்கத்தில் கிடந்த பீடிங்கை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். கோடு அப்படியே இருந்தது.

"டெசா..." ரத்தம் கொப்பளித்தது. "யாரையாவது கூப்பிடு..."

"கீழே பிடிக்கணும் அண்ணே," என்றாள்.

உடையாத கையால் முதலில் போலீசுக்குப் போன் செய்தாள். ஆம்புலன்ஸுக்கு அதற்கப்புறம்தான்.