சத்தம் போடாத பிள்ளை

சுந்தரபாண்டியத்துப் பால்வாடியில் அன்னாள் டீச்சருக்கு அசீனாவை ரொம்பப் பிடிக்கும். காரணம் ஒன்றுதான், அவள் தொல்லை தரமாட்டாள். ஒரே அறையில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். சமைக்கவும் கால் கழுவிவிடவும் வெள்ளைத்தாய் என்று ஒரே ஆயா. ஒன்று அழுதால் நாலு அழும். அந்த இரைச்சலுக்கு நடுவில் அசீனா மட்டும் சுவரோரம் உட்கார்ந்து புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருப்பாள். மற்றவர்கள் எழுந்தால் எழுவாள். பாட்டுக்குக் கைதட்டினால் அவளும் தட்டுவாள், வாயும் அசையும்.

1987 ஜூனில் சேர்ந்தபோது அவளுக்கு மூன்று வயது.

"பேசவே மாட்டேங்காளே?" என்று அவள் அம்மா சம்சாத் பேகத்திடம் அன்னாள் ஒருமுறை கேட்டாள்.

"வீட்ல நல்லாப் பேசுவா டீச்சர். வெளிய வந்தா வெக்கம்."

அன்னாள் அதை நம்பினாள். நம்புவது வசதியாகவும் இருந்தது. பதிவேட்டில் 'அமைதியான குழந்தை, நல்ல பழக்கம்' என்று எழுதினாள். ஒரே ஒரு தடவைதான் அவளை அடித்திருக்கிறாள். உலையில் சாதம் கொதிக்கும்போது அசீனா அடுப்பை நோக்கி நடந்தாள். நாலு தரம் கூப்பிட்டும் நிற்கவில்லை. ஓடிப்போய் இழுத்துத் தொடையில் ஒன்று வைத்தாள். பிள்ளை அழவில்லை. அன்னாளின் முகத்தையே வெறித்துப் பார்த்தது. எவ்வளவு பிடிவாதம் என்று அன்னாள் நினைத்துக்கொண்டாள்.

அடுத்த ஆண்டு நவம்பரில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்வாடி டீச்சர்களுக்கு மூன்று நாள் பயிற்சி நடந்தது. மதுரையிலிருந்து வந்த ஒரு அம்மாள், விளையாட்டில் பிள்ளை எப்படி வளர்கிறது, எந்த வயதில் என்ன பேச வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார். கடைசி நாளில் ஒன்று சொன்னார்.

"சேட்டை பண்ற பிள்ளையப் பத்தி நீங்களே வந்து சொல்லிடுவீங்க. ஒரு புகாரும் இல்லாத பிள்ளை உங்ககிட்ட யாராவது இருக்கா? ஊருக்குப் போனதும் முதல்ல அந்தப் பிள்ளையப் பாருங்க."

பஸ்ஸில் திரும்பும்போதே அன்னாளுக்கு, நாலு தரம் கூப்பிட்டும் அசீனா நிற்காதது நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை, பிள்ளைகளைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்துவிட்டு, பின்னால் நின்று அலுமினியத் தட்டில் கரண்டியால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். முப்பத்தேழு தலைகள் திரும்பின. அசீனா மட்டும் புளியங்கொட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பையன் திரும்புவதைப் பார்த்த பிறகு அவளும் திரும்பினாள். எல்லாரும் சிரித்ததால் தானும் சிரித்தாள்.

"டீச்சர், ஏன் இப்படி நிக்கீக? செத்த நேரம் உக்காருங்க," என்று வெள்ளைத்தாய் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அன்று சாயங்காலமே சம்சாத்தின் வீட்டுக்குப் போனாள். சம்சாத் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். அன்னாள் தயங்கித் தயங்கிச் சொல்லி முடிக்கும்வரை மிஷின் நிற்கவில்லை. பிறகு நின்றது.

"எனக்குத் தெரியும் டீச்சர். அவளுக்கு ஒரு வயசா இருக்கையிலேயே தெரியும்."

"தெரிஞ்சுமா பேசுவான்னு சொன்னீங்க?"

"எங்கூடப் பெறந்த தம்பியும் ஊமைதான். பொண்ணு பாக்க வந்தப்போ அவனை மறைச்சுத்தான் என்னையக் கட்டிக்கொடுத்தாங்க. இது தெரிஞ்சா மாமியார் வீட்ல அவிய சும்மா விடுவாகளா? பால்வாடியில சொன்னா நீங்க எடுத்துக்கிட மாட்டீகன்னு ஒரு பயம். அங்க உக்காந்திருந்தா நாலு பிள்ளைக மாதிரிதானே இருந்தா." முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "நீங்க கண்டுபிடிக்கலயேன்னு நான் தெனமும் சந்தோசப்பட்டேன் டீச்சர்."

அவள் கணவன் காதர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தான். சம்சாத் சொல்லி விஷயம் தெரிந்ததும் கத்தவில்லை. பால்வாடிக்கு வந்து வாசலிலேயே நின்றான்.

"நான் காலையில போனா ராத்திரி வாரேன். எம்பிள்ளைய முழிச்சிருக்கையில பாக்குறதே அபூர்வம். நீங்க ஒன்றரை வருசமாத் தெனமும் பாத்தீங்களே டீச்சர், என்னத்தப் பாத்தீங்க?"



காதரும் சம்சாத்தும் அன்னாளுமாகப் பிள்ளையை மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். பிறவியிலேயே இரண்டு காதும் கேட்காது என்றார் டாக்டர். நெஞ்சில் பெட்டியைக் கட்டிக் காதில் ஒயர் மாட்டும் மிஷின் உண்டு, அதிலும் வெடிச்சத்தம் மாதிரிப் பெரிய சத்தம்தான் தெரியும் என்றார். "ஒரு வயசுலயே வந்திருக்கணும்மா. மொழி பதியிற வயசுல பாதிக்கு மேல போயிடுச்சு. பாளையங்கோட்டையில காது கேக்காத பிள்ளைங்களுக்கு விடுதியோட பள்ளிக்கூடம் இருக்கு. ஜூன்ல சேருங்க. இனியும் தள்ளிப்போடாதீங்க."

ஜூனுக்கு ஆறு மாதம் இருந்தது. அன்னாள் வகுப்பையே மாற்றினாள். அசீனாவைச் சுவரோரத்திலிருந்து எடுத்துத் தன் எதிரில் உட்காரவைத்தாள். தோளைத் தொட்ட பிறகே எதையும் சொன்னாள். பழைய காலண்டர்களின் பின்பக்கத்தில் படம் வரைந்து, தம்ளரையும் தம்ளர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். குடிப்பதுபோலக் கையை வைத்தால் தண்ணீர், விரலைக் குவித்தால் சோறு, மூக்குத்தியைத் தொட்டால் அம்மா. மற்ற பிள்ளைகளும் அதை விளையாட்டாகக் கற்றுக்கொண்டார்கள்.

பிப்ரவரியில் ஒரு நாள் அசீனா தானாக எழுந்து வந்து, அன்னாளின் சேலையைப் பிடித்து இழுத்து, தண்ணீர் என்று கை காட்டினாள். நாலே முக்கால் வயதில் அவள் சொன்ன முதல் வார்த்தை அது. அன்னாள் அவளையே பார்த்துக்கொண்டு ஊற்றியதில் தம்ளர் நிரம்பித் தண்ணீர் கொட்டியது. கொட்டியதைப் பார்த்து அசீனா மறுபடியும் தண்ணீர் என்று காட்டினாள். அன்று முழுக்கப் பானையையும் குழாயையும் சாக்கடையையும் காட்டிக் காட்டித் தண்ணீர் என்றாள். இவ்வளவு சூட்டிகையான பிள்ளையை ஒன்றரை வருஷம் கொட்டை அடுக்கவிட்டோமே என்று அன்னாள் அன்று சாப்பிடவில்லை.

ஜூன் வந்தது. ராஜபாளையம் போய் பஸ் மாறிப் பாளையங்கோட்டை போனார்கள். புதுப்பாவாடையும் கண்ணாடி வளையலும் போட்டிருந்த அசீனா வழி நெடுக ஜன்னலுக்கு வெளியே கை நீட்டிக் குளங்களையெல்லாம் தண்ணீர் என்று காட்டிக்கொண்டு வந்தாள்.

விடுதியில் பெட்டியை வைத்துவிட்டுக் கிளம்பும் நேரம் வந்தபோதுதான் சம்சாத் கேட்டாள்.

"டீச்சர், லீவுக்கு வந்து கூட்டிட்டுப் போவோம்னு அவகிட்டச் சொல்லுங்க."

அன்னாள் முட்டிபோட்டு உட்கார்ந்தாள். அசீனா அவள் கைகளையே பார்த்தாள். தண்ணீர், சோறு, அம்மா, படு, வா. அன்னாளிடம் இருந்தது அவ்வளவுதான். நாளைக்கு என்பதற்கு ஒன்றும் இல்லை. திரும்பி வருவோம் என்பதற்கும் இல்லை. அம்மா, வா என்று காட்டினாள். அசீனா சிரித்துக்கொண்டே அம்மாவின் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தாள்.

"பிள்ளை பாக்காதப்ப போயிருங்க. இங்க எல்லாரும் அப்படித்தான்," என்றார் விடுதிக்காரம்மா.

அப்படியே செய்தார்கள். தெருமுனை வரைக்கும் அவள் குரல் கேட்டது. வார்த்தையில்லாத அலறல். காதர் நடைபாதையில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

செப்டம்பர் லீவுக்கு அழைக்கப் போனபோது அசீனா அம்மாவிடம் வரவில்லை. விடுதிக்காரம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்த பத்து நாளும் சம்சாத்தின் சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டேதான் தூங்கினாள். திரும்பக் கூட்டிப்போனபோது பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்க மறுத்தாள். கண்டக்டரும் காதருமாக விரல் விரலாகப் பிரித்தெடுத்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்சாத் தன்னோடு அன்னாளையும் அழைத்துப் போனாள். அசீனா வளர்ந்திருந்தாள். கைகள் மளமளவென்று ஓடின. அம்மாவின் முன்னால் நின்று ஏதோ கேட்டாள். சம்சாத்துக்குப் புரியவில்லை. மறுபடியும் அதையே கேட்டாள். பக்கத்திலிருந்த பள்ளி ஆசிரியை தயங்கிவிட்டுச் சொன்னாள்.

"ரொம்ப நாளா மனசுல வச்சிருந்திருப்பா போல. அன்னைக்கு ஏன் சொல்லாமப் போனீங்கன்னு கேக்குறா."

சம்சாத் ஆசிரியை பக்கம் திரும்பினாள். "எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலன்னு சொல்லுங்கம்மா."

ஆசிரியை சொன்னாள். அசீனா அதைப் பார்த்தாள். பிறகு அன்னாளைச் சுட்டிக்காட்டி இன்னொன்று கேட்டாள்.

"டீச்சருக்குமா தெரியலன்னு கேக்குறா."

"ஆமா," என்று அன்னாள் தலையாட்டினாள். அதை யாரும் சைகையில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

 மைதானத்திலிருந்து இரண்டு பிள்ளைகள் அசீனாவைச் சைகையில் கூப்பிட்டார்கள். அவள் அவர்களை நோக்கி ஓடினாள்.