நாலு குப்பி எச்சில்

உண்மையைச் சொல்லிடறேன். எனக்கு என் ஓரகத்தி மேல பொறாமை. ஏதோ லேசா மனசு கசந்துச்சுன்னு நினைச்சுடாதீங்க, வயிறு பத்தி எரியற பொறாமை. அவ நகை நட்டு மேல இல்லை. அவ புருஷன் மேலயும் இல்லை. அது என் கொழுந்தன், அந்த லட்சணம் எனக்குத் தெரியாதா? அவ காலையில ஏழு மணி வரைக்கும் தூங்கறா. அதுதான் எனக்குத் தாங்கலை.

எங்களுது மாடி வீடு. கீழ நான், என் வீட்டுக்காரர், பொண்ணுங்க ரெண்டு பேர், மாமியார். மேல கொழுந்தனும் சின்னவளும். ஆனா அடுப்பு ஒண்ணுதான், அது கீழ. பதினாறு வருஷமா எனக்கு அஞ்சு மணிக்கு அலாரம். ஏழு பேருக்கு டீ, டிபன், மதியத்துக்கு டப்பா. எனக்கு ஜுரம் வந்த அன்னைக்குக்கூட "இவளுக்கென்ன, இரும்பு"ன்னுதான் என் மாமியார் சொன்னாங்க. அதைப் பாராட்டுன்னு நினைச்சு நானும் எழுந்து போய் மாவு பிசைஞ்சேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.

சின்னவளுக்கு ஒரு பல் ஆஸ்பத்திரியில வாசல்ல உக்காந்து பேர் பதியற வேலை. காலையில அவளும் வந்து என்கூட காய் நறுக்குவா. திடீர்னு முடி கொட்டுது, படி ஏறினா மூச்சு வாங்குது, எதுக்கெடுத்தாலும் அழுகை வருதுன்னு சொல்ல ஆரம்பிச்சா. கூட வேலை பாக்கறவங்க யாரோ சொல்லி, நிதானம்மாகிட்ட போனா.

நிதானம்மாங்கற பேர் நான் வெச்சது. அந்தம்மா எல்லாத்துக்கும் "நிதானமா"ன்னுதான் ஆரம்பிப்பாங்க. நிதானமா மெல்லுங்க, நிதானமா மூச்சு விடுங்க, நிதானமா சொல்லுங்க, எனக்கு அவசரமில்லை. ஜெராக்ஸ் கடைக்கு மேல ஒரே ஒரு ரூம். "நான் டாக்டர் இல்லைம்மா, சாப்பாடு, தூக்கம், பழக்கம் இதையெல்லாம் வெச்சு உடம்பைச் சரி பண்ண வழி சொல்றவ"ன்னு முதல்லயே சொல்லிடுவாங்க. அந்த நேர்மைக்காகவே எனக்கு அவங்களைப் பிடிக்காம போச்சு. குறை சொல்ல ஏதாவது வேணாமா?

அவங்க முதல்ல ஹார்மோன் டெஸ்ட்தான் எடுக்கச் சொல்வாங்க. ஊசி கிடையாது, ரத்தம் கிடையாது. எச்சில். கண் விழிச்சதும் ஒண்ணு, மதியம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, படுக்கும்போது ஒண்ணுன்னு விரல் நீளத்துக்கு நாலு பிளாஸ்டிக் குப்பியில துப்பி, ஐஸ் பெட்டியில வெச்சு, கூரியர்ல லேபுக்கு அனுப்பணும். ஒரு நாள் பூரா உடம்பு எப்படி ஏறி எப்படி இறங்குதுன்னு அதுல தெரிஞ்சுடுமாம்.

சின்னவளுக்கு வந்த ரிசல்ட் தாள்ல பாதி நம்பர் சிவப்பு, அளவு தப்பியிருக்குன்னு அர்த்தம். அவ்வளவுதான், வீடே தலைகீழாச்சு. வேலைக்கு மூணு மாசம் லீவு. ஏழு மணி வரைக்கும் அவளை யாரும் எழுப்பக் கூடாது. முட்டி வலின்னு பல வருஷமா மாடிப்படி பக்கமே போகாத என் மாமியார், ஃபிளாஸ்க்ல வெந்நீர் எடுத்துக்கிட்டு மேல ஏறினாங்க! மொட்டை மாடியில காலை வெயில்ல இருபது நிமிஷம் உக்காரணும்னு வேற நிதானம்மா சொல்லியிருந்தாங்க. அவ நாற்காலி போட்டு உக்காந்திருப்பா, நான் பக்கத்துலயே துணி காயப் போட்டுக்கிட்டு இருப்பேன். அதே வெயில்தான் என் மேலயும் அடிக்குது. அவளுக்கு அது வைத்தியம், எனக்கு அது வேலை.

அவ கெட்டவளா இருந்தாலாவது நிம்மதியா பொறாமைப்பட்டிருப்பேன். "அக்கா, நீங்களும் கொஞ்சம் உக்காருங்களேன்"ன்னு நாற்காலியில நகர்ந்து இடம் விடுவா. எனக்கு அது இன்னும் எரியும். "நான் உக்காந்தா உலை யாரு வெக்கறது?"ன்னு வெடுக்குன்னு சொல்லிட்டு இறங்கி வந்துடுவேன்.

மூணு மாசம் முடிஞ்சு அவளுக்கு மறுபடியும் டெஸ்ட். வீட்டுல இன்னொருத்தரும் சேர்ந்து எடுத்துக்கலாம்னு நிதானம்மா சொல்லி அனுப்பியிருந்தாங்க.

"எனக்கும் வேணும்"னு சொன்னேன்.

மாமியார் திரும்பிப் பாத்தாங்க. "உனக்கெதுக்கு? நீதான் இரும்பாச்சே."

"இரும்பு துரு பிடிக்காதா அத்தை?"

சொல்லிட்டேனே தவிர, எச்சில் துப்பின அன்னைக்கு சாயங்காலத்துல இருந்தே பயம் பிடிச்சுக்கிச்சு. எல்லாம் நல்லாயிருக்குன்னு வந்துட்டா? இத்தனை நாள் வாய் வார்த்தையா சொன்ன இரும்பு, இனிமே லேப் சீல் குத்தின இரும்பு ஆயிடும். அப்புறம் கீழ விழுந்தாகூட 'தாள்ல நல்லாத்தானே இருந்துச்சு'ம்பாங்க. எனக்கு வேண்டியது ஒரே ஒரு சிவப்பு நம்பர், அதைக் காட்டி ஏழு மணி வரைக்கும் ஒரு தூக்கம். சாகறதுக்குள்ள அது கிடைக்குமான்னு இருந்துச்சு.

மறுநாள் காலையில சின்னவ ஐஸ் பெட்டியைத் திறந்து எட்டு குப்பியையும் எடுத்து மேஜையில வெச்சா. அவளுது நீல டம்ளர்ல, என்னுது எவர்சில்வர் டம்ளர்ல. "அக்கா, உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும். ஸ்டிக்கர்ல பேரும் நேரமும் நீங்களே எழுதி ஒட்டிடுங்க, நான் கூரியர் கவர் வாங்கிட்டு வந்துடறேன்"னு சொல்லிட்டுப் போயிட்டா. இந்த வீட்டுல எந்த வேலையும் கடைசியில என்கிட்டதானே வரும், இதுவும் வந்துச்சு.

பேனாவைத் திறந்தேன். 'இன்னும் அலுப்பாத்தான் இருக்கு'ன்னு போன வாரம்கூட அவ சொன்னா. அவ எச்சில் எப்படியும் சிவப்பாத்தான் வரும். அவளுக்குத்தான் மூணு மாசம் கிடைச்சாச்சே, கொஞ்சம் எனக்கும் வரட்டுமே. நீல டம்ளர் குப்பியில என் பேர். எவர்சில்வர் டம்ளர் குப்பியில அவ பேர். ஒட்டி முடிச்சதும் பருப்புக்குத் தண்ணி வெச்சேன்.

ரெண்டு வாரம் கழிச்சு ரிசல்ட் வந்திருக்குன்னு போன் வந்துச்சு. நான், சின்னவ, மாமியார், மூணு பேரும் போனோம். வெளிய செருப்பைக் கழட்டிட்டு பெஞ்சில காத்துக்கிட்டு இருந்தப்போ சின்னவ என் பக்கம் சாஞ்சா.

"அக்கா, இப்ப ரெண்டு வாரமா நல்லாவே இருக்கேன். முடிகூட கொட்டலை. இன்னைக்கு ரிசல்ட் நல்லா வந்துச்சுன்னா திங்கட்கிழமையில இருந்து வேலைக்குப் போறேன். காலையில என் பங்கையும் பழையபடி பாத்துக்கறேன். பாவம், நீங்க ஒண்டியா எத்தனை நாள்தான் செய்வீங்க?"

நல்லா இருக்காளா? எந்த நேரத்துல வந்து சொல்றா பாரு!

உள்ள கூப்பிட்டாங்க. நிதானம்மா முதல்ல என் பேர் போட்ட தாளை எடுத்து மேஜையில விரிச்சாங்க. சிவப்பு ஒண்ணுகூட இல்லை. "அருமையா இருக்கும்மா. காலையில ஏறி ராத்திரிக்கு நிதானமா இறங்குது. நல்ல தூக்கம், நல்ல ஓய்வு. இப்படியே இருங்க, எதையும் மாத்தாதீங்க."

"நான் சொல்லலை? இரும்பு"ன்னாங்க மாமியார்.

நுணலும் தன் வாயால் கெடும்பாங்க. நான் எச்சியால கெட்டேன்.

அடுத்த தாளை எடுத்துப் பாத்தாங்க. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மறுபடியும் போட்டுக்கிட்டாங்க. அப்புறம் சின்னவளைப் பாத்து, "என்னம்மா ஆச்சு? போன தடவைக்கு இது ரொம்ப மோசமா இருக்கே"ன்னாங்க.

சின்னவ முகம் வெளுத்துப் போச்சு. "நான் நல்லாத்தானே இருக்கேன்?"

"காலையில எழுந்ததும் சுவரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்க முடியுதா?"

"இல்லையே."

எனக்கு அப்படித்தான். பாத்ரூம் வாசல் சுவர்ல என் கை படற இடம் கறுத்தே போயிருக்கு.

"படுத்தா தூக்கம் வராம, நாளைக்கு என்ன வேலைன்னு மனசு ஓடிக்கிட்டே இருக்குமா? சின்ன விஷயத்துக்கெல்லாம் சுள்ளுன்னு கோபம் வருமா? அப்புறம் ஏன்டா கத்தினோம்னு அழுகை?"

"இல்லைங்க. சத்தியமா இல்லை"ன்னு சொல்லும்போதே சின்னவளுக்குக் கண்ணுல தண்ணி முட்டிடுச்சு. "எனக்கு உள்ளுக்குள்ள ஏதோ பெருசா இருக்கு, அதான் எனக்கே தெரியலை, இல்லையா? மறைக்காம சொல்லுங்க."

"பயப்படாதீங்க. இதை மட்டும் வெச்சு நான் எதுவும் முடிவு பண்ண மாட்டேன். டாக்டர்கிட்ட போய் ரத்தத்துல இரும்புச் சத்து, தைராய்டு எல்லாம் பாத்துடணும்." அவங்க தாளைக் கண்ணுக்குப் பக்கத்துல கொண்டு போனாங்க. "இதென்ன, முதல் குப்பி அஞ்சு மணி அஞ்சு நிமிஷம்னு போட்டிருக்கு? உங்களை ஏழு மணி வரைக்கும் தூங்கத்தானே சொன்னேன்?"

பேரை மாத்தினேன், நேரத்தை மாத்தலை. பதினாறு வருஷமா அஞ்சு மணியையே பாத்த கை, அதையே முத்து முத்தா எழுதி வெச்சிருக்கு.

"ஏதாவது மறதியில எழுதியிருப்பாங்க"ன்னு மாமியாரே எனக்குத் தப்பிக்க வழி விட்டாங்க. சின்னவ தலையைத் தடவி, "அழாதேடி. இன்னும் ஆறு மாசம் படு, வேலையை விட்டுத் தள்ளு. வீட்டைப் பெரியவ பாத்துப்பா, அவளுக்குத்தான் ஒரு குறையும் இல்லைன்னு தாளே சொல்லிடுச்சே"ன்னாங்க.

நான் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். சொன்னா மானம் போகும். சொல்லாட்டி ஆயுசுக்கும் அஞ்சு மணி. அதைவிட, பக்கத்துல இவ வேற, வராத நோய்க்கு உடம்பு குலுங்க அழறா. அப்பவும் என் வாய் திறக்கலை. அவ்வளவு கல்நெஞ்சு எனக்கு.

நிதானம்மா தாளை மடிச்சு வெச்சாங்க. "சாப்பாடு, வெயில், மாத்திரை எல்லாம் அப்புறம் பேசலாம். தாள்ல இந்தக் கோடு ஏறி இறங்கறதைப் பாத்தா எனக்கு ஒண்ணுதான் தோணுது. இந்த உடம்பை யாரும் ரொம்ப வருஷமா 'போதும், போய்ப் படும்மா'ன்னு சொல்லவே இல்லை."

என்னைப் பத்தி ஒருத்தர் சரியா சொன்னது அதுதான் முதல் தடவை. அதையும் அடுத்தவ மூஞ்சியைப் பாத்துச் சொல்றாங்க. பொறாமையில பொங்கிடுச்சு எனக்கு. அது எனக்குச் சொன்ன வார்த்தை. அதையும் அவளுக்கு விட்டுக் கொடுக்கணுமா?

"அது என்னோடதுங்க"ன்னேன். "அது என் எச்சில். பேரை மாத்தி எழுதினது நான்தான்."

நிதானம்மா ரெண்டு தாளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துட்டு, தண்ணி டம்ளரை என் பக்கம் தள்ளினாங்க.

சின்னவ கண்ணைத் துடைச்சுக்கிட்டு என்னையே பாத்தா. பயம் போயி கோபம் ஏறுறது மூஞ்சியில தெரிஞ்சுது. "கொஞ்ச நேரத்துல என்னைக் கொன்னே போட்டுட்டீங்களே அக்கா. செத்துடுவேன்னு நினைச்சேன். ஏன் இப்படிப் பண்ணீங்க? பொறாமைப்படற அளவுக்கு என்கிட்ட அப்படி என்னதான் இருக்கு?"

"நீ தூங்கறியேடி"ன்னேன். சொல்லும்போதே ஓன்னு அழுதுட்டேன்.

பஸ்ல வரும்போது அவ வேற சீட்ல போய் உக்காந்துக்கிட்டா. வீட்டுக்கு வந்தும் ஒரு வார்த்தை இல்லை, விறுவிறுன்னு மாடி ஏறிப் போயிட்டா. நியாயம்தானே? நானா இருந்தா இன்னேரம் வீட்டை ரெண்டாக்கியிருப்பேன்.

மறுநாள் அஞ்சு மணிக்கு வழக்கம் போல முழிப்பு வந்துச்சு. கையை நீட்டினா தலைமாட்டுல அலாரம் கடிகாரம் இல்லை. சமையல்கட்டுல லைட் எரியுது. பாத்திரத்தை எடுத்து வெக்கற சத்தம் இல்லை அது, போட்டு உடைக்கற மாதிரி டமார் டமார்னு சத்தம்.

"நீ ஏன்மா வந்தே, பெரியவ..."ன்னு மாமியார் இழுக்கறது கேட்டுச்சு.

"பேசாம வெங்காயத்தை உரிங்க அத்தை. அவங்களை எழுப்பினீங்க, நடக்கறதே வேற. நான் அவங்களோட பேச மாட்டேன், அது தனிக் கணக்கு." டமார்னு இன்னொரு மூடி விழுந்துச்சு.

எழுந்து போய் அவ கையைப் பிடிச்சு மன்னிப்பு கேக்கணும்னு நினைச்சேன். நினைச்சதுதான் ஞாபகம் இருக்கு. கண்ணைத் திறந்து பாத்தப்போ மணி ஏழேகால்.