களிமண் காத்த வரி

சீனாவின் ஷான்ஸியில் எங்கள் ஆற்றங்கரையில் மேல்கரை, கீழ்கரை என்று இரண்டு ஊர். வசந்தத்தில் வாய்க்கால் திறந்தால் முதல் தண்ணீர் யாருக்கு என்று வருடம் தவறாமல் சண்டை. அதற்கான விதி மேல்கரையில், தண்ணீர்த் தெய்வமான டிராகன் ராஜாவின் கோயில் கல்வெட்டில் இருக்கிறது. ஆனால் நடுவில் ஒரு வரி அளவுக்குக் கல் மொட்டை. எங்கள் உரிமை அங்கேதான் இருந்தது என்போம், கீழ்கரைக்காரர்களான நாங்கள். கல்தச்சன் சும்மா விட்ட இடம் என்பார்கள் அவர்கள். மற்ற வரிகளும், கும்பிட வருகிறவர்கள் தடவித் தடவியே, பாதி தேய்ந்துவிட்டன.

முழுதும் அழிவதற்குள் படியெடுத்து, மதகடியில் புதுக் கல் நடுவதாக முடிவாயிற்று. மேல்கரைத் தலைவர் கெங் பாவ்ஷான் என் மனைவியின் அண்ணன். ஊர் நடுவே நின்று மார்தட்டினார்.

"காகிதத்துல என்ன விழுதோ, அதைத்தான் வெட்டணும். டிராகன் ராஜா மேல சத்தியம்! அப்புறம் நீ வாயே தொறக்கப்படாது, மாப்ளே."

போன வருடம் தண்ணீர் பிந்தியதில் என் பூண்டு வயல் கருகிப் போனது. புதுக் கல்லும் மொட்டையாக நின்றுவிட்டால் எங்கள் வழக்கு அத்தோடு சரி.

படியெடுக்க நகரத்திலிருந்து தியாவ் மிங்ஹுவா என்ற பெண் வந்தாள். ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் டொக் டொக்கென்று குத்தினாள். மொட்டை இடத்தில் காகிதம் பொசுக்கென்று உள்ளே போனது. உரித்தால் அதில் அப்பியிருந்தது சேறு.

"யாரோ களிமண்ணைத் தினைக்கஞ்சில குழைச்சுப் பூசியிருக்காங்க. ஈரம் பட்டதும் ஊறிடுச்சு" என்றாள்.

கழுவி, வேறு காகிதம் ஒட்டி, மை ஒற்றினாள். வெட்டிய எழுத்தின் பள்ளத்தில் மை படாது; கறுப்பில் மற்ற வரிகள் மங்கலாக விழுந்தன. நடு வரி மட்டும் வெள்ளைவெளேரென்று நின்றது: 'முதல் தண்ணீர் கீழ்கரைக்கு.'

"கோயில் சாவி மூணு தலைமுறையா யாரு வீட்ல, மச்சான்?" என்றேன். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

பாவ்ஷான் முகம் சிவந்துவிட்டது. "சத்தியம் சத்தியம்தான். அப்படியே வெட்டுங்க" என்றார். பிறகு என்னிடம் மெதுவாக, "எங்க தாத்தா வேலைதான் போல. மானத்தை வாங்கிட்டாரு, மாப்ளே."

"அட, போங்க மச்சான். அவரு மூடி வைக்கலேன்னா இந்த வரியும் தேஞ்சு போயிருக்கும். இந்த வருஷம் முதல் பூண்டு அவரு சமாதிக்குத்தான்."