ஆணி அடிக்காத சுவர்

பலகைகள் வந்து இறங்கிய வாரத்தில்தான் ஃப்ளோரன்ஸுக்கு உறுதியாயிற்று. வயிற்றில் மூன்றாவது பிள்ளை. முன்னிரண்டும் தங்கவில்லை.

அழகான பலகைகள். துறைமுகத்தில் பழைய நீராவிக் கப்பல் ஒன்றை உடைத்தபோது காப்டன் அறைச் சுவரிலிருந்து கழற்றியவை. பர்மா தேக்கு. ஓரமெல்லாம் திராட்சைக்கொடி செதுக்கியிருந்தது. ராயபுரத்துக் கடற்காற்றில் அவர்கள் வீட்டுச் சுவர் உப்புப் பூத்துத் தூளாக உதிர்ந்துகொண்டிருந்தது. அந்தத் தூள்தான் அவளுக்கு இழுப்பைக் கொடுத்தது. சுவரை மூடிவிட்டால் மூச்சு சீராகும் என்று அவள் புருஷன் ஸ்டானிஸ்லாஸ் வாங்கிவந்திருந்தான்.

அவன் சுத்தியலை எடுத்தபோது ஃப்ளோரன்ஸ் தடுத்தாள்.

"ஆணி அடிக்காதீங்க."

"ஏம்மே?"

உண்டாகியிருப்பதைச் சொன்னாள். அவன் சுத்தியலைக் கீழே வைத்தான். முதலில் சிரித்தான். பிறகு பலகைகளைப் பார்த்தான்.

பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டுச் சுவரில் ஆணி இறங்கினால் அது வயிற்றில் இறங்கும் என்பார்கள். பங்குச் சாமியார் கேட்டால் சிரிப்பார். சாமியார் பிள்ளை பெற்றவரில்லை.

பக்கத்து வீட்டு ரஹீமுன்னிசா எட்டிப் பார்த்தாள்.

"இன்னா நைனா, கப்பலையே வூட்டுக்குள்ள கொண்ணாந்துட்டு சும்மா குந்திகினு கீறே?"

"ஆணி அடிக்கக் கூடாதாம்க்கா."

அவளுக்குப் பட்டென்று விளங்கிவிட்டது. "முழுவாம கீறாளா? அப்ப அடிக்காதே. எங்க வூட்லயும் அடிக்கமாட்டாங்க. பலகைய சாச்சு வெச்சுட்டு நீ புடிச்சுகினே நில்லு, பத்து மாசம்."

எண்ணூரிலிருந்து அம்மா சுகிர்தம் சொல்லி அனுப்பியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்து மகளைக் கூட்டிப்போவாளாம். அந்தச் சுண்ணாம்புத் தூளில் கிடந்தால் இதுவும் தங்காதாம். ஃப்ளோரன்ஸுக்குப் போக மனமில்லை. முன்னிரண்டு முறையும் அம்மா வீட்டில்தான் படுத்திருந்தாள். இரண்டு முறையும் வெறுங்கையோடு திரும்பினாள். இந்த முறை தன் வீட்டில், அவன் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஸ்டானிஸ்லாஸுக்குக் கப்பல் அடித்தட்டில் சரக்கு அடுக்குகிற வேலை. அங்கே யாரும் ஆணி அடிப்பதில்லை. பெட்டிகள் அலையில் நகராதபடி முட்டுக் கொடுத்து ஆப்பு செருகுவார்கள். சனிக்கிழமை அதையே வீட்டில் செய்தான். அடுப்போரம் காய்ந்து கிடந்த விறகில் ஆப்புச் சீவினான். ஒவ்வொரு பலகையையும் மேல்முனை உத்தரத்தில் முட்டும்படி நிமிர்த்தி, தரைக்கும் பலகைக்கும் நடுவே ஆப்பைக் கையாலேயே தள்ளினான்.

எல்லாம் நின்றன. எல்லாம் ஆடின.

"ரெண்டு தட்டு தட்டினா இறுகிடும்," என்றான்.

"தட்டறதும் அடிக்கறதுதான்," என்றாள். அவனும் சுத்தியலைத் தேடவில்லை.

மழைக்காலத்தில் தெருக்கதவு ஊறி உப்பி இறுகிக்கொண்டு மல்லுக்கு நிற்பது ஃப்ளோரன்ஸின் நினைவுக்கு வந்தது. ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து ஆப்புகளின் மேல் ஒவ்வொன்றாக ஊற்றினாள்.

"ஊறட்டும்," என்றாள். "அப்புறம் காயாது. இந்த வூட்ல ஈரத்துக்கு இன்னா கொறச்சல்?"

ஞாயிறு பூசை முடிந்த கையோடு சுகிர்தம் வந்தாள். ரிக்‌ஷாவை வாசலில் நிறுத்திவைத்திருந்தாள். செருப்பைக் கழற்றியவள் நேரே சுவருக்குப் போனாள். செதுக்கிய கொடிமேல் உள்ளங்கையை ஓட்டினாள். ஆணித் தலை எதுவும் தட்டுப்படவில்லை.

"எதுல நிக்குது மாப்ளே?"

"ஆப்புல."

"ராத்திரி இவ மேல விழுந்தா?"

"இழுத்துப் பாருங்க அத்தை."

சுகிர்தம் முந்தானையைச் செருகிக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தாள். அடுத்த பலகையையும் இழுத்தாள். எதுவும் அசையவில்லை. மூச்சு வாங்கியது அவளுக்குத்தான். பிறகு மகளின் முதுகில் காதை வைத்துக் கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் இழுக்குது."

"நேத்திக்கு இதவிட இழுத்துது," என்றாள் ஃப்ளோரன்ஸ்.

அம்மா நிமிர்ந்து பலகைகளை இன்னொரு முறை பார்த்தாள்.

"ரிக்‌ஷாக்காரன போவச் சொல்லு. நாலு நாள் நானும் இங்கயே இருந்து பாக்கறேன்."

ஸ்டானிஸ்லாஸ் வெளியே போனான். ஃப்ளோரன்ஸ் அம்மாவுக்குப் பாயை விரித்தாள், பலகையை ஒட்டி.